கிராணி தூங்கிய சனிக்கிழமை

உமாதேவிக்கு ஐம்பத்திரண்டு வயது. ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு மலை எஸ்டேட்டில் முப்பது வருஷமாகத் தேயிலை வெட்டுகிறாள். யாரையும் அடித்ததில்லை, யார் குடியையும் கெடுத்ததில்லை. ஆனால் ஒரே ஒரு மனிதன் மேல் மட்டும் நாலு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். அவன் புவனேஸ்வரன், மலையில் ஆட்களை வேலை வாங்கும் கிராணி. காலையில் அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே மனதுக்குள் சபிப்பாள்.

சபிக்காமல் என்ன செய்வாள்? அவள் புருஷன் ராஜுவும் அதே மலையில்தான் வேலை பார்த்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் தூக்கிப் போகிற வெட்டு மெஷின். அதில் கிளட்ச் கெட்டிருந்தது, விசையை விட்டாலும் கத்தி நிற்காது. ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தார். "இந்த ரவுண்டு வெட்டு முடியட்டும்லா, பாத்துக்கலாம்" என்றான் கிராணி. மழை ஈரத்தில் ராஜுவுக்குக் கால் வழுக்கியது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கிராணி எழுதிய ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டுமே! மெஷின் நல்ல நிலையில் இருந்ததாம், வேலையாள்தான் தூக்கக் கலக்கத்தில் நடந்தாராம். மறுபக்கம் பிடித்திருந்த நேபாளக்காரர் அடுத்த மாதமே ஊருக்குப் போய்விட்டார். சாட்சி சொல்ல ஆளில்லை.

விரல் போனதைக்கூட உமாதேவி பொறுத்திருப்பாள். ஆனால் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் வந்தவன் போனவனெல்லாம் 'தூங்கின ராஜு' என்று சொல்லச் சொல்ல, கடைசியில் அந்த மனிதரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஏம் புள்ள, நெசமாவே நான் கண்ணசந்துட்டேனோ?" என்று கேட்பார். தட்டில் சோறு ஆறிப்போகும். விரலையும் வெட்டிவிட்டு, ஒருவன் தன்னையே நம்ப முடியாதபடி செய்தவனை என்ன செய்தால் தகும்? அந்தக் கிராணி வாயாலேயே, ஜனங்கள் முன்னால், உண்மை வெளியே வர வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

இந்த வருஷம் கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்பெனி புது சாமானோடு வந்து இறங்கியது. தலையைச் சுற்றி ஒரு பட்டை, கண்ணுக்கு ஒரு கண்ணாடி. பட்டை மூளையில் ஓடுகிற மின்சாரத்தைப் படிக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால், எந்த உயரத்தில் வெட்ட வேண்டும் என்று நிஜச் செடியின் மேலேயே பச்சைக் கோடு விழும். போட்டிருப்பவரின் மனம் அசந்தால் கண்ணாடி முழுக்கச் சிவக்கும், வெட்டு மெஷினும் தானாக நின்றுவிடும். சொல்லிக்கொடுக்க வந்தவள் நாதிரா என்ற இளம் இன்ஜினியர். நல்ல பெண், கொஞ்சம் வெள்ளந்தி.

"உங்க எஸ்டேட்டுக்கு வந்ததே அந்த ஆக்சிடென்ட்டாலதான் அக்கா. யாரோ ஒருத்தர் தூங்கிக்கிட்டே மெஷின் ஓட்டினாராமே?"

"அவரு என் வீட்டுக்காரரும்மா" என்றாள் உமாதேவி.

நாதிரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். உமாதேவிக்கோ உச்சந்தலை வரை கொதித்தது. அடப்பாவி, ஒரு பொய்யை எழுதினான். அதை நம்பி ஒரு கம்பெனியே சாமான் செய்து எடுத்துக்கொண்டு மலையேறி வந்திருக்கிறதே!

முதல் நாள் அவள் பட்டையைக் கட்டியதும் கண்ணாடி சிவந்தது. பக்கத்திலிருந்த டிவி திரையில் 'தூக்கம்' என்று எழுத்து விழுந்தது. கூட்டம் சிரித்தது. நாதிரா ஓடிவந்து தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எண்ணெய் வச்சிருக்கீங்களாக்கா? எண்ணெய்த் தலைன்னா பட்டைக்கு ஒண்ணும் கேக்காது. கேக்கலன்னா தூங்குறாங்கன்னு அதுவா முடிவு பண்ணிடும். இன்னும் திருத்தணும் அதை."

"அப்ப முழிச்சிருக்கிற ஆளையும் தூங்குறான்னு சொல்லிடுமா?"

"சொல்லிடும்க்கா."

அன்றைக்கே உமாதேவி மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

தலைக்குக் குளித்துவிட்டு வந்தவளுக்கு வேலை சுலபமாகப் பிடிபட்டது. எல்லோருக்கும் முன்பாகப் பழகியவள் அவள்தான். அதனால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் அவளிடமே வந்தது. கிராணி மட்டும் பழகவே வரவில்லை. பொம்பளை சொல்லிக்கொடுத்து அவன் கற்றுக்கொள்வதா? அவன் மரியாதை என்ன ஆவது!

பெரிய ஆபீஸ்காரர்கள் சனிக்கிழமை பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் எதிரில் பட்டை கட்டப் போவது உமாதேவிதான் என்று பேச்சு. அவளோ நேராகக் கிராணியிடம் போனாள். "பெரியவங்க வர்ற எடத்துல நான் நின்னா நல்லாவா இருக்கும்? நீங்க கட்டிக்கிட்டாதான் கிராணி, எஸ்டேட்டுக்கே கௌரவம்" என்றாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டான். பெரிய கிராணி வேலை காலியாக இருந்த சமயம் அது.

"பட்டை கட்டுறவங்க யாரும் எண்ணெய் வைக்காம வரச் சொல்லிடுங்கக்கா" என்று நாதிரா சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உமாதேவி லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கிராணி பங்களா பக்கம் மட்டும் போகவில்லை. அவனுக்கு ஏழரை நாட்டுச் சனி நடக்கிறது என்பது எஸ்டேட்டுக்கே தெரியும். சனிக்கிழமை என்றால் உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, படிய வாரி, சனீஸ்வரனைக் கும்பிடாமல் வாசலைத் தாண்ட மாட்டான்.

சனிக்கிழமை கொழுந்துக் கொட்டகை முன்னால் ஜனம் நிறைந்துவிட்டது. ராஜுவையும் உமாதேவி வலுக்கட்டாயமாக இழுத்துக்கொண்டு வந்து பின்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். மானேஜர் குகன் துரை, வந்திருந்தவர்களிடம் கிராணியைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொன்னார். கிராணி பட்டையைக் கட்டினான், கண்ணாடியைப் போட்டான், கொட்டகையை ஒட்டிய செடி வரிசையில் மெஷினை ஒரு பக்கம் பிடித்தான்; மறுபக்கம் ஒரு வேலையாள் பிடித்தான்.

கண்ணாடி சிவந்தது, டிவி திரையில் எழுத்து விழுந்தது. தூக்கம். மெஷின் நின்றது.

மறுபடி கிளப்பினார்கள். இரண்டடிகூடப் போகவில்லை. தூக்கம். மூன்றாவது தடவையும் அதே கதைதான். பெரிய ஆபீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். நாதிராவுக்குச் சட்டென்று பொறி தட்டியது, வாயைத் திறக்கப் போனாள். உமாதேவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பொறும்மா."

"நான் தூங்கல துரை! சத்தியமா முழிச்சுத்தான் இருக்கேன்!" கிராணியின் குரல் உடைந்தது. "மெஷின் கோளாறுலா இது!"

"மெஷின் நல்ல நிலையிலதானே இருக்கு கிராணி? உங்களுக்குத்தான் தூக்கக் கலக்கம் போல" என்றாள் உமாதேவி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"வாயை மூடு! மெஷின் கெட்டதுக்கு மனுசன் மேல பழி போடுவியா?"

"நீங்க போட்டீங்களே! கிளட்ச் கெட்டதை என் வீட்டுக்காரரு கையில குடுத்துட்டு, தூங்கிட்டாருன்னு எழுதினீங்களே!"

"எவடி சொன்னா கெட்டதுன்னு? அந்தக் கிளட்சைத்தான் மறுநாளே மாத்தியாச்சே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளிறிப்போயிற்று. குகன் துரை மெதுவாகக் கேட்டார்: "நல்ல நிலையில இருந்த மெஷினுக்கு எதுக்கு மறுநாளே கிளட்ச் மாத்துனீங்க?"

கிராணி மெஷினைக் கீழே வைத்தான்.

"திங்கக்கிழமை அந்த ரிப்போர்ட்டோட என் ஆபீசுக்கு வாங்க" என்றார் துரை.

உமாதேவி முன்னால் போனாள். கிராணியின் தலையிலிருந்து பட்டையை அவளே கழற்றினாள். உள்பக்கத்தை விரலால் வழித்து, பளபளத்த விரலை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"கிராணி தூங்கல துரை. எண்ணெய்த் தலை, அதான் பட்டை தப்பாச் சொல்லுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன். அதுக்கு என்னை என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "பத்து நிமிசம் தூங்குமூஞ்சின்னு பேர் வாங்கினதுக்கே உனக்குக் கண்ணு கலங்குதே! அந்த மனுசன் நாலு வருசம் வாங்கியிருக்காருடா!"

அதுவரை அவனை அவள் 'நீ' என்றதே இல்லை.

பின்வரிசையில் ராஜு எழுந்து நின்றிருந்தார். பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் தூங்கல, கேட்டியா? நான் தூங்கல" என்று சொல்லிச் சொல்லிக் குழந்தை மாதிரி அழுதார். உமாதேவி அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற கிராணியின் தாடையை எண்ணெய் விரலால் ராஜு நின்ற பக்கமாக நிமிர்த்தினாள்.

"பாரு" என்றாள்.