பெட்டிக்கு அடியில் வைத்த மடு மண்

அவள் அனுப்பும் படங்களில் எப்போதும் வெயில். கறுப்புக் கண்ணாடி, பெரிய தொப்பி, பின்னால் நீலக் கடல். "இண்டைக்கு வகுப்பு பன்னிரண்டு மணியோட முடிஞ்சுது, எல்லாரும் பீச்சுக்கு வந்திட்டம்" என்று கீழே ஒரு வரி. வெயிலும் கடலும் எங்களுக்கு இல்லையா? இலுப்பைக்கடவையில் வாசலை விட்டு இறங்கினால் இரண்டும்தான். ஆனால் எங்கள் வெயிலில் நெல் காய்கிறது, அங்கே அவள் காய்கிறாள். பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் தேடி நான் அலையவில்லை.

இருவரும் சின்ன வயதுச் சினேகிதிகள், ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். ஆங்கிலப் பரீட்சைக்காக மன்னார் ரவுனுக்கு ஒன்றாகத்தான் படிக்கப் போனோம். பஸ்ஸில் அவள் நித்திரை கொள்வாள், நான் சொற்களைப் பாடமாக்குவேன். பரீட்சையில் எனக்குத்தான் கூடின புள்ளி. அவுஸ்திரேலியாவில் அந்தக் கடலோர நகரத்தைப் போனில் தேடிக் கண்டுபிடித்ததும் நான்தான். ஒரே பல்கலைக்கழகம், ஒரே படிப்பு. அவளுடைய விசா விண்ணப்பத்தைக்கூட நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். அவளுக்கு விசா வந்தது. எனக்கு வரவில்லை. "கவலைப்படாதையடி, அடுத்த முறை கட்டாயம் கிடைக்கும்" என்றாள். போடி விசரி என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்தேன்.

அவள் புறப்படுகிற அன்று பெட்டி அடுக்க உதவிக்குப் போனேன். அவள் பாதரிடம் ஆசீர்வாதம் வாங்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுடைய அம்மா அலுமாரியைத் திறந்து ஒரு சின்னத் துணிப் பொட்டலத்தை எடுத்தார். மடு மாதா கோயில் மண். அந்த மண் இருக்கிற வீட்டைப் பாம்பு அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாங்கள் சைவம், ஆனாலும் எங்கள் சாமி அறையிலும் ஒரு பிடி இருக்கிறது.

"அந்த நாட்டில பாம்பு கூடவாம் பிள்ளை. இதைப் பெட்டிக்கு அடியில வைச்சு விடுவம். அவளுக்குக் காட்டினா வேண்டாமெண்டு எடுத்துப் போடுவாள். கொண்டு போகலாம்தானே? நீதானே எல்லாம் வாசிச்சனீ."

வாசித்துத்தான் இருந்தேன். நான் போவேன் என்று நம்பிய நாட்களில், எனக்காக, வரி வரியாக வாசித்த பட்டியல் அது. கொண்டுவரக் கூடாதவற்றில் மண்ணும் இருந்தது. சொல்லாமல் கொண்டுவந்து பிடிபட்டால் விசாவையே ரத்துச் செய்யலாம் என்றும் இருந்தது.

"ஓம் அன்ரி, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அவர் முறுக்குப் பையைத் தள்ளி இடம் செய்து தர, பொட்டலத்தை என் கையாலேயே உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிடிபட்டால்? திருப்பி அனுப்பிவிட்டால்? பயந்தாயா ஆசைப்பட்டாயா என்று கேட்டால், ஐயோ, இரண்டும்தான். மூன்றாம் நாள் "வந்து சேர்ந்திட்டன்" என்று சிரித்த முகத்தோடு ஒரு படம் வந்தது. நிம்மதி வர வேண்டும் அல்லவா? வந்ததென்னவோ எரிச்சல். மண்ணும் தப்பிப் போய்விட்டது! இவளுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் சரிவருகிறதோ.

பிறகு மாதக்கணக்கில் படங்கள். புது மாணவர்களுக்குக் கொடுத்த தொப்பியும் வெயிலுக்குப் பூசும் கிறீமும். நேபாளக்காரி, வியட்நாம்காரி, கொலம்பியாக்காரி, இவள் என்று நாலு பேருக்கு ஒரு வீடு. ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. இவள் வைத்த கணவாய்க் கறியைச் சாப்பிட்டு மற்ற மூவரும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுகிற வீடியோ. இங்கே இருந்தபோது உலை வைக்கவே தெரியாதவள்! காலையில் கோப்பிக் கடையில் வேலை, பின்னேரம் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு பாடம். படங்கு விரித்துக் காயப்போட்ட நெல்லுக்குப் பக்கத்தில் இருந்து கோழி கலைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் தவறாமல் இதயக்குறியும் போட்டேன்.

போன மாதம், திரும்பவும் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று எழுதினேன். உடனே வீடியோவில் வந்துவிட்டாள். சாப்பாட்டு இடைவேளையில் வெளிநாட்டு மாணவர்களுக்கான கந்தோரில் வரிசையில் நின்று, என்னென்ன எழுதினால் சரிவரும் என்று எனக்காகக் கேட்டு ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தாள். தன் அறையில் இன்னொரு கட்டில் போடலாமா என்று வீட்டுக்காரியிடமும் கேட்டாயிற்றாம்.

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு ஒண்டு சொல்லேல்லை. வந்த அண்டைக்கு எயார்போட்டில என்னை மறிச்சுப் போட்டாங்கள். பெட்டிக்கு அடியில மடு மண். இரண்டு மணித்தியாலம் இருத்தி வைச்சுக் கேள்வி. விசாவை வெட்டி அனுப்பப் போறாங்கள் எண்டுதான் நினைச்சனடி. அம்மாவுக்கு இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்லை. தெரிஞ்சா மனுசி செத்துப் போடும்."

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. "பிறகு?" என்று மட்டும் கேட்டேன்.

"மண்ணை எடுத்துக்கொண்டு என்னை விட்டிட்டாங்கள். அம்மா ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருக்கிறா. நீ கண்டிருந்தா விட்டிருக்க மாட்டாய். எனக்குத் தெரியும்."

"ஓம்" என்றேன். "விட்டிருக்க மாட்டன்."