டாக்டர் சாந்தாமணி போட்டுக்கொண்ட ஊசி

செய்தி வந்தபோது என் முன்னால் ஒரு செத்த கோழி கிடந்தது. பல்லடத்தில் எங்கள் கோழிநோய்ப் பரிசோதனைக்கூடம். ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டு ஃபோனை எடுத்தேன்.

“அம்மணி, சாந்தா போயிருச்சுங்க.”

பேசியவர் டாக்டர் சாந்தாமணியின் அண்ணன் சுப்பிரமணியம். மற்றக் கையுறையையும் கழற்றினேன்.

எங்கள் கூடத்தின் மூத்த கால்நடை மருத்துவர் சாந்தாமணி. இதைப் படிக்கும் பண்ணைக்காரர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். புதுத் தடுப்பூசியைச் சோதிக்கும்போது ஒரு ஷெட்டுக்கு மட்டும் போடாமல் விடுவோம். ஒருமுறை ஒரு பண்ணைக்காரர் அந்த ஷெட்டின் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“இந்தக் கோழிக என்னங்க பாவம் பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணலைங்க,” என்றார் சாந்தாமணி. “இந்த ஷெட் இல்லீன்னா, அந்த ஷெட் பிழைச்சது ஊசியாலயா தானாவான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“கோழிக்காச்சும் தெரியுமுங்களா?”

“அதுககிட்ட யாருங்க கேட்டா.”

பிறகு சாந்தாமணிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை. கீமோ. கதிர்வீச்சு. எல்லாம் முடிந்தது. முடிந்தது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கு வந்த வகை திரும்பி வரக்கூடியது. அப்போதுதான் கோவை மருத்துவமனையில் ஒரு மருந்துச் சோதனையைப் பற்றிச் சொன்னார்கள். நோய் திரும்பாமல் தடுக்குமா என்று பார்க்க ஒரு தடுப்பூசி. சேருபவர்களில் பாதிப்பேருக்கு அந்த ஊசி. மீதிப்பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது.

அன்று மதியம் கூடத்துக்கு வந்து என் மேசையில் சாய்ந்து நின்றார். “கண்ணு, இந்தத் தடவ நான் ஷெட்டுக்குள்ள.”

சிகிச்சை முடிந்த பின் குறிப்பிட்ட காலத்துக்குள் சேர்ந்தாக வேண்டும். அந்தக் காலம் கரைந்துகொண்டிருந்தது. அவர் முடிவெடுக்கவில்லை. எதையும் ஒரு பார்வையில் தீர்த்துவிடும் மனுஷி. இப்போது டீ போடுவதா வேண்டாமா என்பதைக்கூட என்னிடமே விட்டுவிட்டார்.

சோதனையை நடத்தும் மருத்துவரைப் பார்க்க அவருடன் நானும் போனேன். “உப்புத்தண்ணி விழுந்தா எனக்கு என்ன நஷ்டமுங்க?” என்று கேட்டார். மருத்துவர் இளைஞர். வழக்கமான சிகிச்சையும் பரிசோதனைகளும் நிற்காது என்றார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்றார். “நிஜ ஊசி விழுந்தாலும் உங்களுக்கு நல்லது நடக்கும்னு என்னால சொல்ல முடியாது. பக்கவிளைவு வரலாம்.”

படியிறங்கும்போது சாந்தாமணி சொன்னார்: “இந்தப் பையன் ஊசி விக்கலை. அதான் பயமா இருக்கு.” கீழே வந்ததும், “எனக்கு ஊசி பயமில்லை கண்ணு. போட்டுக்கிட்டா, பிழைச்சுக்குவேன்னு ஆசைப்பட ஆரம்பிச்சிருவேன்.”

அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. விசைத்தறி நடத்துபவர். தங்கையின் ஆஸ்பத்திரி ஓட்டம் முழுக்க அவருடைய காரில்தான் நடந்தது. “கோழிக்குப் போட்டுப் பாக்கற மாதிரி எந்தங்கச்சிக்குப் போட்டுப் பாப்பாங்களா?” கடைசியில் குலதெய்வத்திடம் பூக் கேட்பது என்று ஆனது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்பு ஒன்றில். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

பூசாரி இரண்டையும் குலுக்கிப் போட்டார். ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

திரும்பும்போது காரில் நானும் இருந்தேன். சாந்தாமணி கேட்டார்.

“அண்ணா, சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?”

“இந்த ஊசி உனக்கு ஆகுமான்னு.”

“அவங்களும் அதையேதான் கேக்கறாங்க. ஒருத்தியை வெச்சுக் கேட்டாத் தெரியாதுன்னு நிறையப் பேரை வெச்சுக் கேக்கறாங்க.”

“சாமி சொன்னதுக்கு மேல பேச்சில்லை.”

பின்னிருக்கையில் என் பக்கத்திலிருந்த அண்ணனின் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: “வெள்ளை வந்திருந்தா மட்டும் உட்டுருவாராக்கும். வண்டி இன்னேரம் இன்னொரு கோயிலுக்குப் போயிட்டிருக்கும்.”

சாந்தாமணி சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

கெடு முடியும் நாளில் சாந்தாமணி பஸ்ஸில் போய்க் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று நான் கேட்டேன். “இந்த ஊசி ஆகுமான்னு என்னைய வெச்சும் கேக்கறாங்களே கண்ணு. கேட்டதுக்குப் பதில் சொல்லணுமில்ல.” அண்ணன் அவருடன் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

முதல் ஊசிக்குப் பிறகு கை சிவந்து வீங்கியது. நிஜ ஊசிதான் என்று நான் நினைத்தது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். சட்டைக்கையை இறக்கிவிட்டார். “நீ ஆசைப்படாதே. தண்ணிக்கும் வீங்கும்.” அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் அவர் கூடத்தில் யாரையும் திட்டவில்லை. அந்த அமைதியை நாங்கள் எல்லோரும் வெறுத்தோம்.

ஒரு ஸ்கேனில் ஈரலில் நோய் தெரிந்தது.

ஊசி நின்றது. வேறு சிகிச்சை. அண்ணன் மறுபடியும் காரை எடுத்துக்கொண்டு வந்தார். பூவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சோதனையிலிருந்து முழுவதுமாக விலகிக்கொள்ளலாமே என்று நான் சாந்தாமணியிடம் கேட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். “செத்தாலும் கணக்குல இருக்கணும் கண்ணு. பிழைச்சவங்களை மட்டும் எண்ணுனா எல்லா மருந்தும் நல்ல மருந்துதான்.”

காரியம் முடிந்து சில நாள் கழித்துச் சுப்பிரமணியம் கூடத்துக்கு வந்தார். கையில் ஃபோன். சோதனைக்காரர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர் எடுக்கவில்லை.

“எது போட்டாங்கன்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க அம்மணி.”

“சோதனை முடியற வரைக்கும் சொல்ல மாட்டாங்க.”

“எப்ப முடியும்?”

“சேர்ந்தவங்க எல்லாருக்கும் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சப்புறம். டாக்டரம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாதுங்க.”

அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நிஜ ஊசின்னா நான் தடுத்திருக்கணும். தண்ணின்னா…” நிறுத்தினார். “தண்ணின்னா நான் என்ன பண்ணீருக்கணும்? அந்தப் பூவுக்கு என்ன அர்த்தம்?”

“தெரியாதுங்க.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறுதலுக்காக வந்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. ஆனால் அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். தவறவிட்ட எண்ணை அழுத்தினார்.

“சாந்தாமணியோட அண்ணன் பேசறனுங்க. தங்கச்சி தவறிப்போச்சுங்க. ஆமாங்க. தேதி சொல்றேன், எழுதிக்குங்க.”

தெரியாததைத் தெரியாது என்று, குரலைத் தாழ்த்தாமல், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. சாந்தாமணியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்.