நாய்க்காகக் கேட்டேன், பதில் மனிதருக்கு வந்தது

2002-ம் வருடம், ஜூன் மாதம். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் கிட்டங்கித் தெரு ஒன்றில் சின்னதாகக் கால்நடை கிளினிக் வைத்திருந்தேன். ஒரே அறைதான். மழை வலுத்தால் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். தெருவில் எலிகள் பூனைக்குப் பயப்படாமல் திரியும்; அவ்வளவு கொழுத்த எலிகள்.

நான் பிறந்ததும் படித்ததும் தமிழ்நாட்டில். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தேன். கணவர் வீட்டார் இரண்டு தலைமுறையாக அங்கே நகராட்சி வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கேரளத்து மழைக்காலத்தில் தொழில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

பட்டம் வாங்கிய மாட்டு டாக்டர் அதன்பிறகு எங்கே படிப்பார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மருந்து கம்பெனிக்காரர்கள் எப்போதாவது எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போடுவார்கள். அரை மணி நேரப் பேச்சு, பிறகு பிரியாணி. பேச்சு மறந்துபோகும், பிரியாணி நினைவிருக்கும். மற்றபடி கல்லூரிப் புத்தகங்கள்தான் கதி. அவற்றுக்கும் என் அப்பா வயது.

அப்போதுதான் பள்ளுருத்தி போகும் வழியில் இன்டர்நெட் சென்டர் ஒன்று வந்தது. பலகைத் தடுப்புகளுக்குள் காதல் ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் டெட்டால் வாசத்தோடு நான் ஒருத்தி. வெளிநாட்டில் இருந்த கல்லூரித் தோழி என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டிருந்தாள். பல தேசத்துக் கால்நடை டாக்டர்கள் மின்னஞ்சலில் சந்தேகம் கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். நான் வாசிப்பதோடு சரி. என் இங்கிலீஷை உலகமே பார்க்கும் என்ற வெட்கத்தில் ஒரு வரி எழுதியதில்லை.

ஒரு நாள் காலையில், எங்கள் தெருமுனையில் இட்லியும் சாயாவும் விற்கும் அக்கா தன் நாயைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அவரும் தமிழ்தான், பள்ளுருத்தியில் வீடு. அவருடைய கணவர் பக்கத்துக் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர். அந்த நாய் பகலெல்லாம் கிட்டங்கியில் அவர் காலடியிலேயே கிடக்கும், சாயங்காலம் அவரோடு வீட்டுக்குப் போகும். பிள்ளை இல்லாத வீடு. நாயை அவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. கண்ணும் ஈறும் மஞ்சள். சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போனது. உடம்பில் உண்ணியும் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் இப்படி வந்தால் உண்ணிக்காய்ச்சல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதற்கான ஊசியைப் போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினேன். மறுநாள் நாய் தலையைக்கூடத் தூக்கவில்லை.

எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது. ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் திருச்சூர் வரை அனுப்ப வேண்டும். பதில் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அன்று சாயங்காலம் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். இரண்டு விரலால் தட்டித் தட்டி நாயின் வயது, காய்ச்சல், மஞ்சள், உண்ணி, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் கிளினிக்கைக்கூடத் திறக்காமல் நேராக அங்கேதான் ஓடினேன். ஒரே ஒரு பதில் வந்திருந்தது. எங்கோ நியூசிலாந்தில் பால்பண்ணை மாடுகளைப் பார்க்கும் ஒரு பெண் டாக்டரிடமிருந்து. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. இது எலிகளின் சிறுநீரால் வருகிற காய்ச்சலாக இருக்கலாம், உடனே பென்சிலின் போடு, ஆனாலும் நாய் பிழைப்பது கஷ்டம் என்று எழுதியிருந்தார். அடுத்து இருந்ததைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். "நாயைப் பற்றி இவ்வளவு எழுதிய நீ, அதைச் சுத்தம் செய்பவர் யார், அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று எழுதவே இல்லையே? இன்றைக்கே போய்க் கேள். நீ கையுறை போட்டிருந்தாயா?"

போடவில்லை. கையுறை எல்லாம் பிரசவம் பார்க்கும்போதுதான். அந்த நோயைக் கல்லூரியில் ஒரு பத்தியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நம் எலிக்காய்ச்சல்தான், கேரளத்தில் அதை எலிப்பனி என்பார்கள். இத்தனை எலிகளுக்கு நடுவில் கடை போட்டு உட்கார்ந்திருந்தும் அது என் நினைவுக்கே வரவில்லை.

கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்துப் பள்ளுருத்திக்குப் போனேன். அக்கா கடைக்குப் போகவில்லை. நாய் விடியற்காலையிலேயே செத்துப்போயிருந்தது. அதன் சாக்கை அவர் வெறுங்கையால் அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுதார். தனக்கு லேசாகத் தலைவலி, வேறொன்றும் இல்லை என்றார். கணவர் உள்ளே படுத்திருந்தார்.

அவருக்கு நாலைந்து நாளாகவே காய்ச்சலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போயிருக்கிறார். காலிரண்டும் கழன்று விழுவதுபோல வலி என்று சொன்னபோது வீட்டிலும் கிட்டங்கியிலும் யாரும் கண்டுகொள்ளவில்லை. சுமை தூக்குகிறவருக்குக் கால் வலிப்பது ஒரு சேதியா? அவரே கண்டுகொள்ளவில்லை. நான் பார்த்தபோது கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. கெண்டைக்காலை லேசாகத்தான் தொட்டேன், அந்தப் பெரிய உடம்பு துள்ளிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவர் அந்த நிலையிலும் கேலி செய்தார்.

"மாட்டு டாக்டர் மனுசனைப் பாக்குற காலம் வந்தாச்சா டாக்டரே? மூட்டை தூக்குறவனுக்குக் கால் வலிக்காம உங்களுக்கா வலிக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் அவரைச் சத்தம் போட்டுவிட்டேன். வயதில் மூத்தவர், அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் நின்று மரியாதை பார்க்க நேரமில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் கணவருக்குச் சட்டையை மாட்டிவிட்டார். ஆட்டோவை நிறுத்தியே வைத்திருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் நல்ல மனிதர். நான் கால்நடை டாக்டர் என்று சொன்னதும் முகத்தைச் சுளிக்கவில்லை. நாயின் கதையை முழுசாகக் கேட்டார், உடனே பென்சிலின் ஆரம்பிக்கச் சொன்னார். அக்காவுக்கும் எனக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கு அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்து, சீக்கிரமே விட்டுவிட்டது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

அக்காவின் கணவருக்குத்தான் முடியவில்லை. சிறுநீர் நின்றுபோனது. பாலம் தாண்டி எர்ணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். நான் தினமும் போய் வாசலில் நிற்பேன், உள்ளே போக தைரியம் வராது. அந்த வாரம் முடிவதற்குள் இறந்துவிட்டார். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னதை அக்காவும் கேட்டார், நானும் கேட்டேன்.

நியூசிலாந்து டாக்டருக்கு நடந்ததை எழுதினேன். இந்தத் தடவை அவர் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருந்தார். அவருடைய பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்த ஒருவரும் இதே நோயில்தான் போனாராம். மாடுகளையெல்லாம் பார்த்தேன், அந்த மனிதரைப் பார்க்கவில்லை, அதிலிருந்துதான் எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தேன் என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்த அம்மா அன்றைக்கு உட்கார்ந்து பதில் எழுதியிராவிட்டால் அக்காவும் இல்லை, ஒருவேளை நானும் இல்லை. நன்றி என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

நாயிடமிருந்து அக்காவின் கணவருக்கு வந்ததா, கிட்டங்கியில் தேங்கிய தண்ணீரிலிருந்து இரண்டு பேருக்கும் வந்ததா, யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

மழை ஓய்ந்தபிறகு ஒரு காலையில் அக்கா கிளினிக்குக்கு வந்தார். மெலிந்துபோயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டரே, அவருக்கு ஆஸ்பத்திரியில போட்ட மருந்து உங்ககிட்டயும் இருக்குதா?"

இருக்கிறது என்றேன். ஆடு மாடுகளுக்கு அதைத்தானே போடுகிறோம்.

"நான் நாயைக் கொண்டுவந்த அன்னைக்கும் இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். இருந்தது அக்கா என்றேன்.

அவர் திட்டவில்லை, அழவும் இல்லை.

"அப்ப மருந்து இல்லாம அவரு சாகல" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அதன்பிறகு அவர் தெருமுனையில் கடை போடவில்லை. இடக்கொச்சியில் தங்கை வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தேடிப் போய்ப் பார்க்கலாம் என்று பலமுறை கிளம்பியிருக்கிறேன், போனதில்லை.

இப்போது படிப்பதற்குப் பஞ்சமே இல்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது, வெளிநாட்டு வகுப்பை உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்கலாம். நானும் விடாமல் படிக்கிறேன். இன்னும் படிப்பா என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். கோழிக்குஞ்சைக் கொண்டுவந்தாலும் சரி, வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். ஆனால் புதிதாக எதைக் கற்றுக்கொண்டாலும் எனக்கு முழு சந்தோஷம் வருவதில்லை. இதை இன்னும் கொஞ்சம் முன்னால் தெரிந்துகொண்டிருந்தால் யார் உயிரோடு இருந்திருப்பார் என்று ஒரு நிமிடம் யோசிக்காமல் என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடிவதில்லை.