வாக்கியத்தின் வால்

டண்டீ நகரத்துக்கு வந்த முதல் வாரம், ஊர்க்காரர்கள் எல்லோரும் என்னைக் ‘கென்’ என்று அழைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நின்ற பெண்மணி, இன்றைக்குக் குளிர் கூடுதல், கென், என்றார். ரொட்டிக் கடைக்காரர், இதுதான் கடைசி ரொட்டி, கென், என்று எடுத்துக் கொடுத்தார். அவரிடம் என் பெயர் ஜெபராஜ் என்று பணிவாகத் திருத்தினேன். நல்ல பெயர், கென், என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் செவிலியர், எனக்கு ஒரு வருடம் முன்பே வேலைக்காக இங்கே வந்துவிட்டவள். ‘கென்’ என்றால் ‘தெரியுமில்லையா’ என்று பொருளாம். ஸ்காட்லாந்தின் இந்தப் பக்கத்தில் பேச்சின் கடைசியில் அதை ஒட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அதற்குப் பொருள் எதுவும் இருப்பதில்லை. எதிரே நிற்பவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கிற ஒலி, அவ்வளவுதான்.

ஊரின் ஓரமாக ஓடும் ஆற்றுக்கு ‘டே’ என்று பெயர். கடல் ஏறும் நேரத்தில் அதன் தண்ணீர் வந்த வழியே திரும்பி மேற்கே போகும். தாமிரபரணியை வண்ணார்பேட்டைப் பாலத்தின் மேலிருந்து வருடக்கணக்கில் பார்த்தவனுக்கு, ஆறு பின்வாங்குவது பழக இன்னும் நாளாகும். பாளையங்கோட்டையில் என்னோடு செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை பார்த்த சுடலையிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவன் ஆறு திரும்புவதை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டான். “ஆத்தையே டேன்னா கூப்பிடுதீரு? மரியாதை இல்லாத ஊரா இருக்கும் போலிருக்கே வே.”

அந்தச் செய்தித்தாளில் நான் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைச் சுருக்கித் திருத்துவது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கீபோர்டு வாசிப்பேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்ததில்லை. ஒருமுறை மருத்துவமனை ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் போயிருந்தேன். மருத்துவர் சொன்னபோது விரலை அசைக்க முடியாத ஒருவர், வெளியே தெருவில் கொட்டுச் சத்தம் போனபோது அதே விரலால் கட்டில் கம்பியில் தாளம் போட்டார். மருத்துவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். கட்டுரையில் அது ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் இருந்த கேள்விதான் என்னை விடவில்லை. மனைவியைத் தொடர்ந்து இங்கே வந்த பிறகு, இசை சிகிச்சை என்று ஒரு படிப்பு இருப்பதும் அதற்கு மருத்துவமனைகளில் வேலை இருப்பதும் தெரிந்து சேர்ந்தேன். ஊரில் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார். “பாட்டு வாத்தியார் வேலையா, டாக்டர் வேலையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு லே, கேக்கவங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா.”

படிப்பின் கடைசிப் பகுதி பயிற்சி. பக்கவாதம் வந்தவர்களுக்கான பிரிவில் என்னைப் போட்டார்கள். மேற்பார்வையாளர் ஃபியோனா, நீ பேசும் மொழிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிலிருந்து தொடங்கு, என்றார். அவரைக் காஜா பாய் என்று இங்கே சொல்கிறேன். அது அவருடைய பெயர் இல்லை. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் பாளையங்கோட்டைக்குப் பக்கத்து மேலப்பாளையத்துக்காரர். நெடுங்காலம் ஷார்ஜாவில் ஒரு கடையில் இருந்தார். மனைவி இறந்த பிறகு மகள் நஸ்ரினோடு இருக்க இங்கே வந்தார். வந்த குளிர்காலத்திலேயே பக்கவாதம். வலக்கை விழுந்துவிட்டது. நாம் சொல்வது புரிகிறது, பேச்சு போய்விட்டது. ஒரே ஓர் ஒலி மட்டும் மிச்சம்: ‘வே’. பசித்தாலும் வலித்தாலும் சன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னாலும் ‘வே’.

அந்த ஒலியை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். ஐலீன் என்ற செவிலியர் காதில் அது ‘அவே’ என்று விழுந்தது. இந்த ஊரில் கிளம்புகிறேன் என்பதற்கு நான் அவே என்பார்கள். ஆகவே காஜா பாய் வாய் திறந்தபோதெல்லாம் அவரைத் தாங்கிப் பிடித்து வாசல் வரை அழைத்துப் போனார். காஜா பாயும் மறுக்காமல் போய், கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெய்யும் மழையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். வீட்டு நினைப்பிலேயே இருக்கிறார் பாவம் என்று ஐலீன் என்னிடம் சொன்னார். நஸ்ரின் வேறு மாதிரி நினைத்தார். ஷார்ஜாவிலும் சென்னையிலும் வளர்ந்தவர் அவர். ‘வேணும்’ என்றோ ‘வேணாம்’ என்றோ தொடங்கி வாப்பாவால் முடிக்க முடியவில்லை என்பது அவருடைய கணக்கு. எது என்று தெரியாததால் ஒவ்வொரு முறையும் இரண்டையும் செய்துபார்ப்பார். தட்டை நீட்டுவார், பிறகு எடுத்துக்கொள்வார்.

காரியம் அவசரமானது. அடுத்து அவரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். நஸ்ரின் வேலைக்குப் போகிறவர். பகலில் ஒரு பராமரிப்பாளரை வைத்து வீட்டுக்கு அழைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். ஆனால் தண்ணீர், வலி, போதும் என்கிற அளவுக்காவது வாயால் தெரிவிக்க முடிந்தால்தான் அது பாதுகாப்பு என்றார்கள். இல்லாவிட்டால் முதியோர் பராமரிப்பு இல்லம். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

சிகிச்சை முறை கேட்பதற்கு எளிது. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடப்பக்க வேலை. மெட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்கும். பேச முடியாத சிலரால் பாட முடிவது அதனால்தான். தேவையான வாக்கியங்களை ஒரு சின்ன மெட்டில் வைத்து, அசைக்கு ஒரு தட்டாக நோயாளியின் இடக்கையைத் தட்டிச் சேர்ந்து சொல்லவைப்போம். வாய்க்கு வந்த பிறகு மெட்டை மெல்ல எடுத்துவிடுவோம். நான் கித்தாரோடு போய் நின்றேன். நஸ்ரின் சங்கடத்தோடு சொன்னார்: “வாப்பாவுக்குப் பாட்டு, மியூசிக் எதுவும் ஆகாது அண்ணே. டிவில பாட்டு வந்தாலே சத்தத்தைக் குறைச்சிடுவாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.” இசை வேண்டாம் என்பவருக்கு இசை சிகிச்சையாளன். இதை வேறு யாருக்காவது மாற்றிவிடலாமா என்று ஃபியோனாவிடம் கேட்டேன். வாத்தியம் வேண்டாம் என்கிறார், குரலையுமா வேண்டாம் என்கிறார், என்று அவர் திருப்பிக் கேட்டார். கித்தார் அலமாரிக்குள் போனது.

குரலை வைத்துத் தொடங்கினேன். பாடப்புத்தகத்தில் இருந்த இரண்டு சுர மெட்டில் ‘தண்ணீர் வேண்டும்’ என்று ஏற்றி இறக்கிச் சொன்னேன். காஜா பாய் என்னைப் பார்த்த பார்வையில் பகையும் இல்லை, ஆர்வமும் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் அறிவிப்பு ஓடும்போது பயணிகள் ஒலிபெருக்கியைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு, “ஏர்போர்ட் அனவுன்ஸ்மெண்ட் மாதிரி இருக்கு அண்ணே” என்றார். அவர் சொன்னது சரி. அது ஆங்கிலம் ஏறி இறங்கும் விதம். அதன் மேல் எழுத்துத் தமிழை வைத்திருந்தேன். அப்படிப் பேசுகிற மனிதர் டண்டீயிலும் கிடையாது, மேலப்பாளையத்திலும் கிடையாது.

விடை வேறு பக்கமிருந்து வந்தது. ஒரு மதிய இடைவேளையில் சுடலை கூப்பிட்டான். நடைபாதையில் நின்று பேசினேன். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. சொற்கள் ஒன்றும் சேரவில்லை; வாக்கியங்களின் கடைசி அசை மட்டும் வந்து விழுந்தது. இழுத்துக் கீழே இறங்கிய ஒரு ‘வே’. கொஞ்சம் கழித்து மேலே நிமிர்ந்த ஒரு ‘வே’. பிறகு குட்டையாக, சிரிப்போடு ஒன்று. நானும் பேச்சு விட்டுப்போகக் கூடாதே என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஆமா, பாவம்தான், இல்லை, இங்கே மழைதான், அவன் திருந்த மாட்டான். இணைப்பு சரியானதும் சுடலை கேட்டான்.

“நான் சொன்னது பூராவும் கேட்டுச்சா வே?”

“வே மட்டுந்தான் கேட்டுச்சு.”

“பொறவு எப்படி வே சரியா பதில் சொன்னீரு?”

அந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடத்திலிருந்து காஜா பாயின் அறை நாலு எட்டு தூரம்.

அவருடைய ‘வே’ எந்தச் சொல்லின் தொடக்கமும் இல்லை. வாக்கியத்தின் முடிவு. முன்னால் இருந்ததெல்லாம் போய் வால் மட்டும் நின்றிருக்கிறது. நெல்லைக்காரனான எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்று வாசகர் நினைக்கலாம். ஆனால் ஊரில் அந்தச் சொல் எப்போதும் ஒரு வாக்கியத்துக்குப் பின்னால்தான் வரும். தனியாக, அதுவும் செவிலியப் பெண்களைப் பார்த்துச் சொல்லிக் கேட்டதில்லை. ‘வே’ ஆண்களுக்குள், ‘நீரு’ என்று பேசிக்கொள்ளும் பழக்கத்தில் வருவது. பெண்களிடம் அப்படிப் பேச மாட்டார்கள். சின்னப் பையனென்றால் ‘லே’. ஆள் பார்த்துத்தான் சொல் வரும். காஜா பாயிடம் அந்தத் தேர்வும் சேர்ந்தே போய்விட்டிருந்தது. ஆனால் மெட்டு போகவில்லை. அனுமதி பெற்று அவருடைய ஒலிகளைப் பதிவு செய்து கேட்டேன். மறுப்புக்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று, எரிச்சலுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. ஃபியோனா அவற்றைப் பியானோவில் வாசித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிரிவில் இதுவரை யாரும் இவரைக் கேட்கவேயில்லை போலிருக்கிறது, என்றார்.

அன்று முதல் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்கிற மாதிரி, இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டு. “டீ ஆறிப்போச்சே” என்று சொல்லிவிட்டுக் கடைசி இடத்தைக் காலியாக விட்டேன். அவர் திரும்பாமலே “வே” என்றார். “மழை விடாது போலிருக்கே.” “வே.” எனக்கு அது தலைப்புச் செய்தி; அவருக்குச் சாதாரணப் பேச்சு. பிறகு வாலிலிருந்து பின்னோக்கி நடந்தோம். மெட்டை மட்டும் முனகி, முடிவை அவரிடம் விட்டு, வாலுக்கு முந்திய சொல்லை ஒட்டினேன். பாடநூல்கள் வாக்கியத்தின் தலையிலிருந்து தொடங்கச் சொல்கின்றன. இவருக்குத் தலை எங்கே இருக்கிறது என்று வால் சொல்லவேண்டியிருந்தது. ‘வலிக்கி வே’, ‘தண்ணி வே’, ‘போதும் வே’. முதலில் என்னோடு சேர்ந்து பாதிச் சொல் வந்தது. ஒருநாள் ஆர்வத்தில் விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். அவர் இடக்கையால் என் கையைக் கட்டிலோடு அழுத்தி, தெளிவாக, “போதும் வே” என்றார். நானும் கூடவே சொல்லப் போய், பாதியில் புரிந்து நிறுத்தினேன். அது பயிற்சி இல்லை. என்னைத்தான் போதும் என்கிறார். ஏன் நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டாய் என்று ஃபியோனா கேட்டார். நோயாளி நிறுத்தச் சொன்னார் என்றேன்.

கூட்டத்துக்கு அவரையும் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். முடிவெடுக்க வந்திருந்த அதிகாரி பொறுமையானவர். ஒலிகளைக் குடும்பத்தார் சொற்களாகக் கேட்பது இயல்புதான் என்று நஸ்ரினிடம் இதமாக எடுத்துச் சொன்னார். நஸ்ரின் என்னைப் பார்த்தார். என்னால் மொழிபெயர்க்க முடியும். ஆனால் என் வார்த்தையை அதிகாரி ஏன் நம்பவேண்டும்? அப்போது ஐலீன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காஜா பாயின் கோப்பையில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, இன்னொன்றும் போட்டு, மூன்றாவதை அள்ளினார்.

“போதும் வே.”

ஐலீனின் கரண்டி கோப்பைக்கு மேலே நின்றது. அவருக்கு ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாது. அந்த நின்ற கரண்டியை அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் யாரும் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை. நஸ்ரின் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். காஜா பாய் வீட்டுக்குப் போனார். பகலில் வரும் பராமரிப்பாளர், தண்ணி, வலி, போதும் என்ற சொற்களைக் கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ‘வே’ சேர்த்துக்கொள்கிறார். அது இல்லாமல் சொன்னால் பாய் திரும்பிப் பார்ப்பதில்லையாம்.

பயிற்சி முடிவதற்கு முந்திய நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். விடைபெற்று வாசலில் காலணி போட்டுக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

“பைய போ லே.”

நஸ்ரின் பதறிப்போனார். “லேன்னா சொன்னாங்க? கோவிச்சுக்காதீங்க அண்ணே, வாப்பா யாரையும் மரியாதை இல்லாம பேசமாட்டாங்க.” கோபம் இல்லை என்றேன். இத்தனை மாதமாக எல்லோருக்கும் பொதுவாக ‘வே’ போட்டவர், இப்போது ஆளைப் பார்த்து, வயதைப் பார்த்து, அதற்குரிய சொல்லை எடுத்திருக்கிறார். ‘நீரு’ என்ற நிலையிலிருந்து நான் பையன் ஆகிவிட்டேன். ஓர் இசை சிகிச்சையாளனுக்கு இதைவிட நல்ல பதவி இறக்கம் இல்லை. இதை நஸ்ரினுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நடைபாதை முழுக்கக் கண்ணாடி போலப் பனி உறைந்திருந்தது. ‘பைய போ’, அதாவது மெதுவாகப் போ, என்பது பனிக்காக உண்டான பேச்சு இல்லை. எங்கள் பக்கம், எரிக்கும் வெயிலில் காய்ந்த தரையில், அவசரமே இல்லாதவரைப் பார்த்தும் சொல்லி அனுப்புவது. அதை முதன்முறையாகச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தபடி, சுவரைப் பிடித்துப் பிடித்து நிறுத்தத்துக்கு வந்தேன். பேருந்து வந்தது. பயணச்சீட்டு அடித்துக்கொண்டே ஓட்டுநர், வழுக்குகிறது, கென், என்றார்.

“ஆமா வே” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.