வாசலில் நின்ற குரல்

இது எனக்கே நடந்தது. நியூசிலாந்தின் ஹோக்கியாங்காவில், என் சமையலறையில், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் மாரேயில், அதாவது மாவோரிகளான நாங்கள் கூடும் ஊர்மன்றத்தில், விருந்தினரை வேறொருத்திதான் அழைக்கிறாள். எனக்குத் தொண்டைப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். புண்ணும் இல்லை, மண்ணும் இல்லை.

மாரேக்கு வருகிறவர்கள் வாசலிலேயே நிற்பார்கள். உள்ளிருந்து ஒரு பெண் குரலை நீட்டி அழைக்கும்வரை ஒருவரும் காலெடுத்து வைக்கமாட்டார்கள். வந்தவர்களில் ஒருத்தி பதிலுக்கு அழைப்பாள். இரு பக்கத்து இறந்தவர்களையும் நினைப்பாள். பிறகுதான் உள்ளே வருவார்கள். பல வருடங்களாக இந்தப் பக்கத்துக் குரல் என்னுடையது. என்னிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

என் தங்கை ஹூரியா மறுநாள் ஒரேயடியாகப் பிரிஸ்பேனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தாள். போவதற்குள் எங்கள் நாவலை இன்னொரு முறை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம். குளிர்காலம்தோறும் நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். ஒரு படகுக்காரியின் கதை. அவளுக்குள் இருந்த இருட்டு அவளைவிட்டு இறங்கிப் போய்விடும். அந்தி சாய்ந்தால் வாசலில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கும். அவள் விரட்டுவாள். கடைசி அத்தியாயத்தில் அழைத்துவிடுவாள்.

எனக்குக் கதை என்றாலே பேச்சுதான். வாசிக்க வாசிக்க ஆளாளுக்குக் குரல் கேட்கும். படகுக்காரிக்கு என் குரல். இருட்டுக்கு ஈரமான, சன்னமான ஒரு குரல்.

அன்று அந்தக் குரல் வரவே இல்லை.

எரிச்சலாக வந்தது. தகரக் கூரையில் மழை வேறு. திரும்பத் திரும்ப வாசித்தேன். வெறும் எழுத்து. உயிரே இல்லை.

"ச்சே! வாய் அடைச்சுப் போச்சா இதுக்கு?"

"நல்லாத்தானே வாசிக்கிற?" என்றாள் ஹூரியா, வறுத்த ரொட்டியை டீயில் தோய்த்தபடி. "ஆனா எதுக்கு ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ சொல்ற?"

"நான் எங்கடி சொன்னேன்?"

"இருட்டு பேசறதை மட்டும். முதல்ல மெதுவா ஒரு தடவ. அப்புறம் சத்தமா."

"காதுல மெஷின் மாட்டியிருக்கியா இல்லையா?"

"மாட்டித்தான் இருக்கேன். மூஞ்சியைப் பாரு, சண்டைக்கு வர்றா."

தொடர்ந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். நான் வாய் திறப்பதற்குள் ஹூரியா சொன்னாள்:

"'எனக்குக் குளிருது.' அடுத்தது அதானே?"

பக்கத்தைப் பார்த்தேன். அதேதான்.

"மனப்பாடமா?"

"இல்லக்கா. இப்பத்தான் கேட்டுச்சு… ஜன்னல் பக்கத்துல இருந்து."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வேலிக் கதவின் கொக்கி மட்டும் ஒருமுறை ஆடியது. டிக்.

காற்று என்றேன். கடைசி அத்தியாயம். படகுக்காரி என்ன சொல்லி அழைத்தாள் என்று புத்தகத்தில் இருக்காது. 'அவள் அழைத்தாள்.' அவ்வளவுதான். அந்த இடத்தில் எப்போதும் நானே அழைப்பேன். முறைப்படி, மாரேயில் அழைப்பதுபோலவே. ஹூரியா அழுவாள். அவளுக்கு அது வேண்டும்.

எழுந்து நின்றேன். பழக்கம். யோசிக்கவில்லை.

குரலை எடுத்தேன்.

முதல் மூச்சு முடிந்தது.

வாசலில் இருந்து… பதில் வந்தது.

இந்த முறை எனக்கும் கேட்டது. ஈரமான, சன்னமான குரல். கொஞ்சமும் முறை தவறவில்லை. இறந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்தது. அப்பா பெயர். அம்மா பெயர். என் வீட்டுக்காரர் பெயர்.

பிறகு… ஹாரியாட்டா.

அப்படி எங்களுக்கு யாரும் இல்லை.

ஹூரியா என் கையைப் பிடித்தாள். "நிறுத்துக்கா… நிறுத்து!"

நிறுத்தினேன். பாதியில்.

டிக்.

பிறகு மழை மட்டும்.

விடிந்ததும் ஹூரியாவை வழியனுப்ப பாரடெனே மாமா வந்தார். ஊரில் அவருக்கு மூத்தவர் யாரும் இல்லை. சாப்பிடும்போது கேட்டேன்.

"மாமா, ஹாரியாட்டான்னு நம்ம வீட்டுல யாராவது…"

ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பேரை உனக்கு யாரு சொன்னா?"

"யாரு மாமா அது?"

"உனக்கு மூத்தவ. செத்தே பொறந்தா. ஒரு சத்தம் இல்ல. உங்கம்மா துக்கத்துல, அவளைக் குரல் எடுத்து அழைக்க யாரையும் விடல. மாரேக்கும் கொண்டுபோகல. பேரையே வாயில எடுக்கக்கூடாதுன்னுட்டா."

"எங்க புதைச்சீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வேலிக் கதவைப் பார்த்தார்.

"அந்தக் கதவுக் கம்பத்தடியில. வெளிப்பக்கம்."

போன வாரம் ஹூரியா போன் செய்தாள்.

"பாவம்க்கா அவ. பாதியிலயே நிக்கிறா. மிச்சத்தையும் அழைச்சு முடிச்சிடேன்."

"தினமும் அந்தி நேரத்துல நிக்கிறேன்டி. வாயைத் திறக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

"என் குரல்தான் வருது. ஆனா…"

"ஆனா?"

"வாசல்ல இருந்து வருது."