கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்

கட்டுகஸ்தோட்டையில் ஒருவர் இரண்டு தரம் தும்மினால் போதும், பழமும் பிஸ்கட்டுமாக நாலு வீட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். நோயாளியைப் பார்க்கப் போவது அங்கே கடமை. பாலத்தடியில் புடவைக்கடை வைத்திருக்கும் தாஸிமுக்கு இதயமே மாற்றியிருக்கிறார்கள் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

ஆனால் அவருடைய மனைவி றலியா கேட்டைப் பூட்டிவிட்டாள். புது இதயத்தை உடம்பு ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்து நோயை எதிர்க்கும் சக்தியையும் குறைத்துவிடும், பிறத்தியாரின் தடிமன் தும்மல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும் என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து அவளுக்கு நெஞ்சு ஓரிடத்தில் இல்லை. வந்தவர்களை எல்லாம், "அவர் தூங்குறார்" என்று திருப்பி அனுப்பினாள். தன் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா கொண்டுவந்த புரியாணியைக்கூட வாங்கவில்லை. அன்றிலிருந்து ராத்தா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. றலியாவுக்கு அது சுட்டது. இருந்தும், வந்து போனவர்களைப் பற்றித் தாஸிமிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் உள்ளே விடச் சொல்லி அடம்பிடிப்பார். நாலு பேரோடு பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது.

சோறு இறங்காமல்தான் போனது. பிறகு ஒரு காலையில், அவள் நீட்டிய மருந்துக் குளிசைகளையும் தட்டிவிட்டார்.

"யாருக்காகக் குடிக்க? ஊருல ஒத்தராச்சும் எட்டிப் பாத்தாங்களா? மௌத்தான ஒரு பொடியன்ட இதயத்தோட ஈக்கிறவன் எண்டு அருவருக்கிறாங்க போல."

மனுஷன் இப்படியா நினைத்துக்கொண்டு கிடந்தார்! மருந்து நின்றால் ஆளே இல்லை. அவருடைய கூட்டாளி ஸமீமுக்கு உடனே போனில் கோல் எடுத்து, ஆட்களைக் கூட்டிவரச் சொன்னாள்.

பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும், மாஸ்க் போட்டுக்கொண்டு ஆட்கள் கேட்டுக்கு வெளியே கூடினார்கள். ராத்தாவும் வந்திருந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. றலியா கதிரையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டுத் தாஸிமை உட்காரவைத்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்!" ஸமீம் ரோட்டிலிருந்து கத்தினார். "டேய், நாங்க வார நேரமெல்லாம் தூங்குறாய் எண்டாங்க. இண்டைக்காச்சும் முழிச்சியா?"

தாஸிம் சிரித்தார். சிரித்தபடியே அழுதார். எல்லோரும் போன பிறகுதான் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"முந்தியும் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். உங்களக் காப்பாத்தத்தான் நான்..."

"உசிரோட வெச்சிக்கிட்டே என்ன மௌத்தாக்கிட்டியே, றலியா."

அவள் வேறு குளிசைகளை எடுத்து நீட்டினாள். வாங்கிக் குடித்தார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அதன்பிறகு அவள் போய்க் கேட்டைப் பூட்டினாள். பூட்டத்தானே வேண்டும்.