இடுப்பில் சுமந்த லோக்கல்ஹோஸ்ட்

கணினியில் என்டரைத் தட்டும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டு, தொட்டு, சுட்டதுபோல் திரும்பிவிடும். பிறகு ஒற்றைக் கண்ணைப் பாதி திறந்து பார்ப்பாள். கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல் நிறையப் பிழை சொல்லும் சிவப்பு எழுத்து. "போச்சு!" என்று அவள் விடும் பெருமூச்சில் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி ஒரு சுற்று சுற்றி வரும்.

பல் மருத்துவமனையின் முன்மேசை இவளுடையது. "ஒண்ணும் வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொல்லியே ஊர்ப்பட்ட பேரை உள்ளே அனுப்பியவள். பல் பிடுங்க வந்தவர் இவளோடு பேச உட்கார்ந்து, வந்த வேலையை மறந்து, பல்லோடு வீடு திரும்பியதும் உண்டு. டாக்டரம்மாவுக்கு இப்போது ஓர் ஆசை: நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் பதிய ஓர் இணையப் பக்கம் வேண்டும். செய்து தர வெளியே ஒரு கம்பெனி தயார். பதிவுகளையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அப்புறம் முன்மேசைக்கு ஆள் எதற்கு? வாய் முந்திக்கொண்டது: "நானே செஞ்சு தரேன் டாக்டர்."

"சரி, திங்கட்கிழமை காட்டு. இல்லேன்னா அவங்ககிட்டயே குடுத்துடறேன்."

அன்றிலிருந்து வீட்டுக் கணினியும் இவளும் எலியும் பூனையும். இணையப் பக்கம் செய்யப் பாடம் எடுக்கும் காணொளி வாத்தியார் அடிப்பதைப் புள்ளி பிசகாமல் அடிப்பாள். அவருக்கு வரும், இவளுக்கு வராது. வேறொரு ஃபோல்டரில் நின்றுகொண்டு, "ஃபைல் இல்லை" என்ற பதிலோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினாள். நிறுவியதை நீக்குவாள், நீக்கியதை நிறுவுவாள்.

"யாரோட சண்டை?" கணவர் எட்டிப் பார்த்தார்.

"பேசாதீங்க, சர்வர் ஓடிட்டிருக்கு."

"ஓடுதா? ஒரு கோடு நின்ன இடத்துல கண்ணடிக்கிற மாதிரில்ல இருக்கு!"

"அந்த ஜன்னலை மூடினா பக்கமே செத்துப்போயிடும். கை வெச்சீங்க, அவ்வளவுதான்!"

ஞாயிறு மாலை பக்கம் எழுந்து நின்றது. லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும் அதன் முகவரியை உடனே டாக்டருக்கு அனுப்பினாள். "திறக்கலையே" என்று பதில் வந்தது. இங்கே ஜோராகத் திறக்கிறதே! மறுபடி அனுப்பினாள்.

"இன்னும் திறக்கலைம்மா. விடு, காலைல கம்பெனிக்காரரை வரச் சொல்லிட்டேன்."

காணொளியை முன்னே தள்ளினால், வாத்தியார் சாவகாசமாகச் சொல்கிறார்: பக்கம் எந்தக் கணினியில் ஓடுகிறதோ, அந்த முகவரி அதில் மட்டும்தான் திறக்குமாம். ஊரெல்லாம் பார்க்க இணையத்தில் ஏற்றுவது அடுத்த பாடமாம்.

"பாவி மனுஷா, முதல்லயே சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

காலையில் கணினிப் பெட்டியைப் போர்வையில் சுற்றி, அழும் பிள்ளையைப்போல் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். திரை கணவர் தலையில்.

"வாடகை குடுக்காம சாமானோட ஓடறோம்னு நினைக்கப்போறாங்கடி!"

"நினைச்சுக்கட்டும். நடங்க."

மருத்துவமனையில் இவளுடைய நாற்காலியிலேயே கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். இவள் நேரே டாக்டர் அறைக்குப் போய்ப் பெட்டியை இறக்கி, கறுப்பு ஜன்னலைத் திறந்து, பக்கத்துக்கு உயிர் கொடுத்தாள். டாக்டர் தன் பெயரை அடித்தார், நேரத்தைத் தேர்ந்தார், பட்டனை அழுத்தினார். 'பதிவாகிவிட்டது' என்றது திரை.

"அட! வெளியே இருக்கிறவரை அப்புறமா வரச் சொல்லு" என்றார்.

"ஏங்க, நீங்க போய்ச் சொல்லிடுங்க" என்றாள் கணவரிடம். சுவரோடு ஒட்டி நின்று, கணினி செருகியிருந்த சுவிட்சை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.